தீப்பெட்டி அட்டையில் பிறந்த அரங்கம்... வரைந்தது யார்?

அமெரிக்கா போய் வந்தவர்களிடம் "என்னென்ன பார்த்தீங்க?" என்று கேட்டால் நயாகரா, சுதந்திர தேவி சிலை, வெள்ளை மாளிகை என்று வரிசையாகச் சொல்வார்கள். நானும் அதில் இரண்டைப் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் மனதில் நிற்பது ஒரு பாஸ்கெட்பால் அரங்கம். அதுவும் ஆட்டம் எதுவும் நடக்காத, ஆளில்லாத ஒரு மத்தியான வேளையில் பார்த்தது.

எனக்கும் பாஸ்கெட்பாலுக்கும் சம்பந்தம் கிடையாது. பந்து வளையத்துக்குள் விழுந்தால் கைதட்டத் தெரியும், அவ்வளவுதான். போனது பேரனுக்காக.

மகள் குடும்பம் இருப்பது வட கரோலினா மாநிலத்தில், கேரி என்ற ஊரில். ராலே, டர்ஹம், சேப்பல் ஹில் என்ற மூன்று ஊர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. மூன்றிலும் பெரிய பல்கலைக்கழகங்கள். நடுவில் ஆராய்ச்சி நிறுவனங்களும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும். அதனால் நம் ஆட்கள் நிறைய. காய்கறிக் கடையில் முருங்கைக்காய் கிடைக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெரிய சண்டை உண்டு. டர்ஹமில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகத்துக்கும், பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு மைலில் சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கும் பாஸ்கெட்பாலில் தலைமுறை தலைமுறையாகப் போட்டி. ஒருவர் நிறம் அடர் நீலம், இன்னொருவர் நிறம் வான நீலம். மாப்பிள்ளை வான நீலம். 11 வயதுப் பேரன் அடர் நீலம். ஆட்டம் நடக்கும் நாளில் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார மாட்டார்கள் என்றாள் மகள்.

"தாத்தா, நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள கேமரன் பார்த்தே ஆகணும்" என்று பேரன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். கோடை விடுமுறையில் ஒரு நாள் மகள் காரை எடுத்தாள்.

இவ்வளவுதானா?

'கேமரன் இண்டோர் ஸ்டேடியம்' என்ற பெயரைக் கேட்டதும் பெரிய கண்ணாடி மாளிகையை எதிர்பார்த்தேன். எதிரில் இருந்தது கல் கட்டடம். நீலமும் சாம்பலும் பழுப்பும் கலந்த கல். பல்கலைக்கழகத்தின் மேற்கு வளாகம் முழுக்கவே அந்தக் கல்தான். பக்கத்து ஊரான ஹில்ஸ்பரோவில் இதற்காகவே ஒரு கல்குவாரியைப் பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது. கூர்மாடக் கோபுரங்களும் வளைவு வாசல்களுமாக, ஐரோப்பாவின் பழைய மடாலயங்களைப் போல வளாகம் இருக்கிறது. அதற்குள் இந்த அரங்கமும் ஒரு பழைய நூலகம் மாதிரி அடக்கமாக நிற்கிறது.

உள்ளே போனதும் என்னை அறியாமல் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன். பேரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

உண்மையிலேயே சின்ன இடம்தான். 9,314 பேர்தான் கொள்ளளவு. இன்றைக்கு அமெரிக்காவின் பெரிய கல்லூரி அரங்கங்களில் 20,000 பேர் உட்காருகிறார்கள். சேப்பல் ஹில்லில் இருக்கும் எதிரணி அரங்கமே இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இங்கே ஆடுகளத்தின் விளிம்பிலிருந்தே மாணவர்களின் படிவரிசை தொடங்குகிறது. பந்தை உள்ளே எறிய வரும் ஆட்டக்காரரின் முதுகில் மாணவர்களின் மூச்சுக்காற்று படும். ஆட்டம் முடியும்வரை அவர்கள் உட்காருவதில்லை, நின்றுகொண்டேதான் கத்துகிறார்கள். 'கேமரன் கிறுக்கர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். 2000-ஆம் ஆண்டு தாண்டும்வரை குளிர்சாதன வசதியும் கிடையாது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வேர்த்துக் கொட்டுமாம்.

அன்றைக்கு உள்ளே நாங்கள் நான்கைந்து பேர்தான். மரத்தளம் பளபளத்தது. பித்தளைக் கைப்பிடிகள், மர வேலைப்பாடு, தலைக்கு மேலே இரும்புச் சட்டங்கள், தொங்கும் வெற்றிக் கொடிகள். பேரன் ஒருமுறை கைதட்டிப் பார்த்தான். சத்தம் கூரைவரை போய்த் திரும்பி வந்தது.

நான் கூரையையும் சட்டங்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பழக்க தோஷம். 31 வருடம் அரசு அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். பள்ளிக்கூடம், சின்னப் பாலம், ஆஸ்பத்திரி வார்டு என்று எத்தனையோ கட்டடங்களைக் காகிதத்தில் வரைந்திருக்கிறேன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் 'இதை யார் வரைந்திருப்பார்?' என்றுதான் முதலில் தோன்றும்.

அதையே பேரனிடம் கேட்டேன். "ரெண்டு கோச் சேர்ந்து தீப்பெட்டி அட்டையில வரைஞ்சாங்க தாத்தா! எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

தீப்பெட்டிக் கதை

அந்தக் கதையை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 1935-ல் பாஸ்கெட்பால் பயிற்சியாளர் எடி கேமரனும், கால்பந்துப் பயிற்சியாளர் வாலஸ் வேடும் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு தீப்பெட்டி அட்டையின் மேல் இந்த அரங்கத்தைக் கோடு கிழித்துப் பார்த்தார்களாம். அந்த அட்டையை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் கதை நன்றாக இருக்கிறது. புகையிலைப் பணத்தில் வளர்ந்த பல்கலைக்கழகத்துக்குத் தீப்பெட்டிக் கதை பொருத்தம்தானே!

ஆமாம், புகையிலைப் பணம்தான். டர்ஹம் சிகரெட் ஆலைகளால் வளர்ந்த ஊர். அதில் கோடீஸ்வரரான டியூக் குடும்பத்தின் ஜேம்ஸ் டியூக், 1924-ல் 4 கோடி டாலரில் ஓர் அறக்கட்டளை அமைத்தார். டிரினிட்டி கல்லூரி என்று இருந்த சிறிய கல்லூரி, அந்தக் குடும்பத்தின் பெயரில் டியூக் பல்கலைக்கழகம் ஆனது. புது வளாகம் முழுவதையும் வடிவமைக்கும் வேலை, பிலடெல்பியா நகரில் ஹொரேஸ் ட்ரம்பாவர் என்பவர் நடத்திய கட்டடக்கலை அலுவலகத்துக்குப் போனது.

பிற்பாடு விளையாட்டரங்கம் வேண்டும் என்றபோதும் அதே அலுவலகம்தான். முதலில் 5,000 இருக்கைகளுக்குத் திட்டம் போட்டார்கள். கேமரன் 8,000 வேண்டும் என்றார். 'யேல் பல்கலைக்கழகத்தின் புது அரங்கத்திலேயே 1,600 இருக்கைதான். பாஸ்கெட்பாலுக்கு 8,000 பேரா? நடக்காத காரியம்' என்ற பாணியில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கேமரன் விடவில்லை. கடைசியில் 8,800 இருக்கைகளோடு கட்டினார்கள்.

ஒன்பதே மாத வேலை, 4 லட்சம் டாலர் செலவு. 1940 ஜனவரி 6 அன்று முதல் ஆட்டம். பிரின்ஸ்டன் அணியை 36-27 என்ற கணக்கில் டியூக் வென்றது. 8,000 பேர் வந்திருந்தார்கள். நடக்காத காரியம் முதல் நாளே நடந்துவிட்டது! 1945 'சுகர் பௌல்' போட்டியில் கால்பந்து அணி ஜெயித்துக் கொண்டுவந்த பணத்தில் மிச்சக் கடனையும் அடைத்தார்கள்.

அப்போது பெயர் வெறும் 'டியூக் இண்டோர் ஸ்டேடியம்'. 1972 ஜனவரி 22 அன்றுதான் கேமரன் பெயரைச் சூட்டினார்கள். அன்றைய ஆட்டம் யாரோடு தெரியுமா? தேசத் தரவரிசையில் 3-வது இடத்தில் இருந்த வட கரோலினா அணியோடு. 76-74 என்று டியூக் ஜெயித்தது. இதைப் பேரன் சொன்ன விதத்தைப் பார்த்திருந்தால், அவன் அங்கே இருந்து பார்த்தான் என்றே நினைத்திருப்பீர்கள்.

பிறகு 1980-ல் மைக் ஷிஷெவ்ஸ்கி என்ற பயிற்சியாளர் வந்தார். பெயர் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவர் 'கோச் கே'. 42 பருவங்கள் இருந்து 5 தேசியப் பட்டங்களை வாங்கிக் கொடுத்துவிட்டு 2022-ல் ஓய்வு பெற்றார். ஆடுகளத்துக்கு 'கோச் கே கோர்ட்' என்றே பெயர்.

ஆக, கட்டடத்துக்கு ஒருவர் பெயர். ஆடுகளத்துக்கு ஒருவர் பெயர். வெளியே புல்வெளிக்குக்கூட ஒரு பெயர் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். நான் மறுபடியும் கேட்டேன்: "சரிடா கண்ணா, அளவு போட்டு, சட்டம் எங்கே, படி எங்கே, வாசல் எங்கேன்னு காகிதத்தில வரைஞ்சது யாரு?"

பேரன் முழித்தான். மகள் போனை எடுத்தாள்.

நிழல்கள் மட்டும் என்னுடையவை

அவர் பெயர் ஜூலியன் ஏபிள். ட்ரம்பாவர் அலுவலகத்தின் தலைமை வடிவமைப்பாளர். கறுப்பினத்தவர்.

1881-ல் பிலடெல்பியாவில் பிறந்தார். 1902-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பட்டம் பெற்றார். அந்தத் துறையில் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஏபிள் என்றால் ஆங்கிலத்தில் திறமை உள்ளவர் என்றும் பொருள் வரும். அதை வைத்து 'மனமும் திறமும் உள்ளவன்' என்று அர்த்தம் வரும்படி இளமையிலேயே அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 1906-ல் ட்ரம்பாவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றே வருடத்தில் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வைடனர் நூலகம், பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் போன்ற பெரிய வேலைகளில் அவர் கை இருக்கிறது.

டியூக் வளாகத்தின் கோபுரங்கள், வளைவுகள், 210 அடி உயரத் தேவாலயம், இந்த விளையாட்டரங்கம் எல்லாம் அவர் வடிவமைத்தவை. ஆனால் அந்த அலுவலகத்தில் வரைபடத்தில் தனி ஆட்களின் பெயர் போடுவதில்லை. வெளியே தெரிவது முதலாளி ட்ரம்பாவர் பெயர் மட்டும்தான். 'கோடுகள் எல்லாம் திரு.ட்ரம்பாவருடையவை, நிழல்கள் மட்டும் என்னுடையவை' என்று ஏபிள் ஒருமுறை சொன்னதாக அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இதை மகள் படித்தபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. வரைபடத்தின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். அங்கே பெரிய அதிகாரிகளின் கையெழுத்துகள் வரும். 'வரைந்தவர்' என்ற இடத்தில் எங்கள் இனிஷியல் எறும்பு மாதிரி இருக்கும். நான் வரைந்த பள்ளிக்கூடத்தின் திறப்பு விழாவுக்கு எனக்கு அழைப்பு வந்ததில்லை. ஆனால் மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வராந்தாவில் நடந்து பார்ப்பேன். ஜன்னல் உயரம் சரியாக வந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். யாரும் தடுத்ததில்லை.

ஏபிளுக்கு அதுவும் இல்லை. அன்றைய வட கரோலினாவில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனித் தண்ணீர்க் குழாய், பஸ்ஸில் பின் இருக்கை. ஹோட்டல்களில் அறை கிடையாது. அவர் இந்த வளாகத்தை ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை என்பது குடும்பத்தார் சொல்லிவந்தது. ஒருமுறை டர்ஹம் வந்தார், ஹோட்டலில் இடம் தர மறுத்துவிட்டார்கள் என்று இன்னொரு தகவலும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், அவர் வரைந்த பல்கலைக்கழகத்தில் அவர் பிள்ளைகளோ, அவர் இனத்துப் பிள்ளைகளோ மாணவராகச் சேர முடியாது. 1938-ல் ட்ரம்பாவர் இறந்த பிறகு அலுவலகத்தைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருவராக இருந்து, 1950-ல் சாகும்வரை டியூக்குக்காக வரைந்துகொண்டே இருந்தார்.

"அவர் ஏன் தாத்தா வரைஞ்சு கொடுத்தாரு? 'என்னை உள்ளே விடலைன்னா நான் வரைய மாட்டேன்'னு சொல்லியிருக்கலாமே?" என்றான் பேரன்.

"சொல்லியிருந்தா வேற யாராவது வரைஞ்சிருப்பாங்க. இவ்வளவு அழகா வந்திருக்காது" என்றேன். அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான்.

பூட்டிய கதவுக்குள் ஓர் ஆட்டம்

இந்த அரங்கம் நான்கு வயதாக இருந்தபோது, அதே டர்ஹமில், சில மைல் தள்டி நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ஊரின் இன்னொரு பக்கத்தில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி இருந்தது. இன்றைக்கு அதன் பெயர் வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே ஜான் மெக்லெண்டன் என்ற இளம் பயிற்சியாளர். பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆனால் கறுப்பர் என்பதால் அங்கே கல்லூரி அணியில் ஆட அவரை விடவில்லை.

1944-ல் அவருடைய அணி அந்தப் பருவம் முழுக்க ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. இந்தப் பக்கம் டியூக்கில், போர்க்காலம் என்பதால் ராணுவம் மருத்துவம் படிக்க அனுப்பிய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் வேறு கல்லூரிகளில் நட்சத்திர ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள். 'ஊரிலேயே நல்ல அணி யாருடையது?' என்ற பேச்சு வந்தது. ஆனால் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக ஆடுவது அங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே சர்ச்சில் இருக்கும் நேரம். டியூக் மருத்துவ மாணவர்கள் இரவல் கார்களில், சுற்று வழியாகக் கறுப்பினக் கல்லூரிக்குப் போனார்கள். இறங்கும்போது முகம் தெரியாமல் மறைத்துக்கொண்டார்கள். உடற்பயிற்சிக் கூடத்தின் கதவு உள்ளே பூட்டப்பட்டது. பார்வையாளர்கள் கிடையாது. விஷயம் தெரிந்த சில மாணவர்கள் மட்டும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

முடிவு: 88-44. மெக்லெண்டன் பிள்ளைகள் இரண்டு மடங்கு புள்ளி எடுத்து ஜெயித்தார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு அணியையும் கலந்து பிரித்து, இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். ஒரு பக்கம் சட்டை போட்டவர்கள், எதிர்ப்பக்கம் சட்டையைக் கழற்றியவர்கள். இரண்டு பக்கமும் இரண்டு நிறமும்.

எதற்கு இவ்வளவு ரகசியம் என்று கேட்கலாம். அதே வருடம் ஜூலையில், இதே டர்ஹமில், பஸ்ஸின் பின் இருக்கைக்குப் போகச் சொன்னதை எதிர்த்துக் கேட்ட புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பின ராணுவ வீரரை, பஸ் டிரைவர் சுட்டுக் கொன்றார். கோர்ட்டில் டிரைவர் விடுதலையானார். அந்த ஆட்டக்காரர்கள் வாயைத் திறக்காததில் ஆச்சரியம் இல்லை. 1996-ல் ஸ்காட் எல்ஸ்வர்த் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 52 வருட ரகசியம்!

இரண்டு வகைக் கூடாரங்கள்

டியூக்கில் கறுப்பின இளநிலை மாணவர்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1963-ல். மொத்தம் ஐந்தே பேர். ஏபிள் இறந்து 13 வருடம் கழித்து. 1965-ல் பொறியியல் படிக்க வந்த சி.பி.கிளேபோர்ன்தான் டியூக் பாஸ்கெட்பால் அணியின் முதல் கறுப்பின ஆட்டக்காரர். கறுப்பர் ஒருவர் வரைந்த அரங்கத்தில், கறுப்பர் ஒருவர் டியூக் சீருடையோடு இறங்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அப்போதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அணியின் விருந்து, கறுப்பர்களை அனுமதிக்காத ஒரு கிளப்பில் நடந்தது. அவர் போகவில்லை. பின்னாளில் அவர் பேராசிரியர் ஆனார்.

அதற்குப் பிறகும் ஏபிள் பெயர் வளாகத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. அது வெளியே வந்த கதைதான் சுவாரசியம்.

1986-ஆம் வருடம். வட கரோலினாவோடு நடக்கும் ஆட்டத்துக்கு முன்வரிசை பிடிக்க, சில மாணவர்கள் அரங்கத்துக்கு வெளியே புல்வெளியில் கூடாரம் போட்டுப் படுத்தார்கள். அதுவே பழக்கமாகி, இன்றைக்கும் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் அங்கே கூடாரம் அடிக்கிறார்கள். ராத்திரியில் சைரன் ஊதி ஆள் இருக்கிறதா என்று சோதிப்பார்களாம். நான் சொன்ன புல்வெளி அதுதான். கோச் பெயரில் 'ஷிஷெவ்ஸ்கிவில்', சுருக்கமாக 'கே-வில்'.

அதே 1986 வசந்தத்தில், அதே வளாகத்தில், தேவாலயத்துக்கு எதிரே வேறு சில மாணவர்கள் தகரமும் பலகையும் வைத்துக் குடிசைகள் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசை ஆதரிக்கும் விதமாக அங்கே முதலீடு செய்திருக்கும் பங்குகளைப் பல்கலைக்கழகம் விற்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 'இந்தக் குடிசைகள் நம் அழகான வளாகத்தைக் கெடுக்கின்றன' என்று மாணவர் பத்திரிகையில் ஒருவர் குறைப்பட்டு எழுதினார்.

அதற்குப் பதில் எழுதினார் ஒரு கறுப்பின மாணவி. அவர் ஏபிளின் உடன்பிறப்பு வழியில் வந்த கொள்ளுப்பேத்தி. இந்த அழகான வளாகத்தை வடிவமைத்தவர் என் முன்னோர், அவர் கறுப்பர், இந்த நாட்டிலேயே நிறவெறிக்கு ஆளானவர், அவர் இருந்தால் இந்தக் குடிசைகளின் பக்கம்தான் நிற்பார் என்பது அவர் சொன்னதன் சாரம்.

பலருக்கும் அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஏபிள் என்று ஒருவர் இருந்ததே தெரிந்தது. சில வருடங்களில் அவருடைய உருவப்படத்தை வளாகத்தில் மாட்டினார்கள். 2016-ல், தேவாலயத்தைச் சுற்றியுள்ள வளாகத்தின் மைய முற்றத்துக்கு 'ஏபிள் குவாட்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

நாங்கள் அரங்கத்திலிருந்து அங்கே நடந்து போனோம். பத்து நிமிடம்கூட ஆகாது. பெரிய ஓக் மரங்கள், கல் வளைவுகள், நடுவில் புல்தரை. வெயிலில் கோபுரத்தின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. "நிழல்கள் என்னுடையவைன்னு சொன்னாரே, இதானாப்பா அது?" என்றாள் மகள். நான் ஒரு கல் தூணைத் தொட்டுப் பார்த்தேன். அந்த மனிதருக்காக ஒரு தடவை.

நீங்களும் போகலாம்

வட கரோலினாவில் பிள்ளைகளோ உறவினரோ இருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள். ராலே-டர்ஹம் விமான நிலையத்திலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் டியூக் வளாகம் வந்துவிடும். ஆட்டம் நடக்கும் குளிர்காலத்தில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆட்டமில்லாத நாளில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். கதவு திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அரங்கத்தை ஒட்டிய கட்டடத்தில் விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்களுக்கு சாரா டியூக் தோட்டம். 55 ஏக்கர், நுழைவுக் கட்டணம் இல்லை. தாமரைக் குளம்கூட இருக்கிறது. நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், நடை அதிகம்.

தேவாலயம், ஏபிள் குவாட், அரங்கம் என்ற வரிசையில் பார்த்தால் இன்னும் நல்லது. யார் வரைந்தது என்று தெரிந்துகொண்டு உள்ளே போகலாம். எங்களைப்போலத் தலைகீழாகப் போக வேண்டாம்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில், மாப்பிள்ளை வழக்கம்போலப் பேரனைச் சீண்டினார். "என்ன மாமா, அந்தச் சின்ன அரங்கத்தையா பார்த்துட்டு வந்தீங்க? எங்க அரங்கம் அதைவிட ரெண்டு மடங்கு தெரியுமா?"

வழக்கமாக இந்த இடத்தில் பேரன் கோச் கே வாங்கிய கோப்பைகளை எண்ண ஆரம்பிப்பான். அன்றைக்கு எண்ணவில்லை.

"அப்பா, உங்க அரங்கத்தை யார் வரைஞ்சாங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றான்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.